முறிந்த தண்டும் தாமதித்த செய்தியும்

ஊரை விட்டு வெளி மாநிலத்தில் குடியேறிய நம் ஒவ்வொருவருக்கும் பிக்-அப் வண்டியோடு ஓர் அறிமுகம் உண்டு. வீடு மாறிய நாளில் கட்டில், பீரோ, அரிசி டின், பித்தளை அண்டா எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றினோம். கயிறு கட்டி முடிந்ததும் டிரைவருக்குப் பக்கத்தில் நாமும் ஏறி உட்கார்ந்தோம். வாடகை எவ்வளவு என்று கேட்டோமேயன்றி, வண்டிக்கு வயது எவ்வளவு என்று கேட்டோமில்லை. டிரைவரின் கைகள் ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் இருந்தன. அவை திரும்பிய பக்கம் வண்டியும் திரும்பியது. அந்தக் கைகளுக்கும் சாலையில் உருளும் சக்கரங்களுக்கும் இடையே இருப்பது என்ன என்று எண்ணிப் பார்க்க நமக்குத் தேவை ஏற்படவில்லை.

இடையே இருப்பவை சில எஃகுத் தண்டுகளும் அவற்றை இணைக்கும் சில மூட்டுகளுமே. வண்டியில் உள்ளவரின் உயிரும், எதிரே வருபவரின் உயிரும் இவற்றை நம்பியே சாலையில் செல்கின்றன. அத்தகைய தண்டு ஒன்று பழைய பிக்-அப் வண்டிகளில் முறிந்த வரலாற்றை இன்று நாம் காண்போம். ஜப்பானில் முறிந்த அத்தண்டைப் பற்றிய செய்தி, பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவில் உள்ள வண்டிக்காரரை அடையக் காலம் பிடித்தது. எஃகு ஏன் முறிகிறது என்பதை விஞ்ஞானம் நெடுநாட்களுக்கு முன்பே கண்டுவிட்டது. முறியும் என்று அறிந்தவர் அறியாதவருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதைத்தான் உலகம் மெல்ல மெல்லக் கற்று வருகிறது.

முதலில், வண்டி எவ்வாறு திரும்புகிறது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டு மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரங்கள். மாடுகள் திரும்பினால் வண்டியும் திரும்பிவிடும். நான்கு சக்கரக் குதிரை வண்டியில்தான் சிக்கல் எழுந்தது. பழைய நாளில் ஐரோப்பாவில் முன் அச்சு முழுவதையும் நடுவே ஓர் ஆணியில் பொருத்தி, அச்சோடு சேர்த்து இரு சக்கரங்களையும் திருப்பினார்கள். அதனால் வளைவுகளில் சக்கரம் வண்டியின் உடலுக்கு அடியில் புகும். வண்டி நிலை தளர்ந்து கவிழவும் கூடும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வண்டி செய்து வந்த ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர். அச்சை அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு முன் சக்கரமும் தன் தன் முளையில் தனித்தனியே திரும்பும்படி அவர் அமைத்தார். இரண்டும் இசைந்து திரும்பும்பொருட்டு நடுவே ஒரு தண்டினால் அவற்றைப் பிணைத்தார். லண்டனில் அவருடைய பிரதிநிதியாக இருந்த ருடால்ப் ஆக்கர்மன் 1818-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பதிவு பெற்றார். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர். இன்றும் உலகம் இதனை ஆக்கர்மன் அமைப்பு என்றே அழைக்கிறது. வளைவில் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தையும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தையும் வரைகின்றன. ஆகவே உட்பக்கச் சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்புதல் வேண்டும். அந்தக் கணக்கைச் சரி செய்வதே இவ்வமைப்பின் நுட்பம்.

குதிரை வண்டிக்காக எழுந்த இவ்வமைப்பு மோட்டார் வண்டிக்கு இன்றியமையாததாயிற்று. கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் உரிமைப் பதிவு பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. நான்கு சக்கர வண்டியைத் திருப்பும் வகை அவருக்கு அப்போது மனநிறைவாக அமையவில்லை. 1893-ஆம் ஆண்டில்தான் ஒவ்வொரு முன் சக்கரமும் தனித் தனி முளையில் திரும்பும் அமைப்புக்கு அவர் உரிமைப் பதிவு பெற்று, நான்கு சக்கர வண்டியை வெளியிட்டார். தொடக்க காலத்து வண்டிகளைத் திருப்பப் படகின் சுக்கான் பிடியைப் போன்ற ஒரு கைப்பிடியே இருந்தது. 1894-ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து ரூவான் நகரம் வரை நடந்த மோட்டார்ப் பந்தயத்தில் ஒருவர் வட்டமான ஸ்டியரிங் சக்கரம் பொருத்திய வண்டியை ஓட்டினார். சில ஆண்டுகளுக்குள் அதுவே எங்கும் வழக்கமாயிற்று.

பழைய பிக்-அப் வண்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு எப்படி இருந்தது? டிரைவர் சக்கரத்தைத் திருப்பினால் அதன் தண்டு கீழே ஸ்டியரிங் பெட்டிக்குள் உள்ள பல் சக்கரங்களைத் திருப்பும். பெட்டியின் வெளியே ஒரு குட்டைக் கை நீண்டிருக்கும். அதனை நம் மெக்கானிக்குகள் டிராப் ஆர்ம் என்பார்கள். அந்தக் கை, வண்டியின் குறுக்கே செல்லும் ஒரு நடுத் தண்டை இடமும் வலமும் தள்ளும். அதற்கு ரிலே ராட் என்று பெயர். அதன் இரு புறத்திலிருந்தும் டை ராட் என்னும் தண்டுகள் சென்று சக்கரங்களைத் திருப்பும். டிரைவரின் கையில் தொடங்கும் விசை நடுத் தண்டின் வழியாகவே இரு சக்கரங்களுக்கும் போக வேண்டும். அது முறிந்தால், டிரைவர் கையிலுள்ள சக்கரத்தின் கட்டளை முன் சக்கரங்களுக்குப் போய்ச் சேராது.

பிரேக்கில் நிலைமை வேறு. ஒரு குழாய் கசிந்தாலும் மற்றொன்று வேலை செய்யும்படி பிரேக்கின் எண்ணெய்க் குழாய்களை இரண்டு கூறாகப் பிரித்து வைப்பது இப்போது பொது வழக்கம். ஸ்டியரிங் தண்டுகளுக்கு அத்தகைய மாற்று வழி பெரும்பாலும் இல்லை. எனவேதான் இவற்றை வடிவமைப்போர், எந்நாளும் முறியாத அளவுக்குத் தடிப்பும் வலிமையும் வைத்துச் செய்ய வேண்டும் என்பதை விதியாகக் கொண்டனர்.

அப்படியிருந்தும் ஓர் எஃகுத் தண்டு முறிவானேன்? ஒரு கம்பியைக் கையால் இழுத்து அறுக்க நம்மால் இயலாது. அதே கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் அது அறுந்து விழுகிறது. ஒரு முறை வளைத்ததால் தீங்கு ஒன்றும் தெரிவதில்லை. பல முறை வளைந்த பின், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் தோன்றுகிறது. ஒவ்வொரு வளைவிலும் அது மயிரிழை அளவு வளர்கிறது. எஞ்சிய உலோகம் சுமையைத் தாங்க மாட்டாத நிலை வந்ததும் திடீரென்று முறிகிறது. இதனை உலோகச் சோர்வு என்பர்.

உலோகச் சோர்வு பற்றிய அறிவு ஒரு பெருந்துயரத்தின் பின்னரே விரைந்து வளர்ந்தது. 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், வெர்சேல்ஸ் நகரில் நடந்த அரச விழாவைக் கண்டு களித்த மக்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் பாரிஸுக்குத் திரும்பிற்று. வழியில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. அக்கால வழக்கப்படி பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென் துருவக் கடல்களை ஆராய்ந்து திரும்பியிருந்த பிரெஞ்சுக் கடலோடி துயுமோன் தியுர்வீலும் அவர் குடும்பத்தாரும் அவ்விபத்தில் இறந்தனர்.

அச்சுகள் முறிவதன் காரணத்தை அறியப் பல நாட்டவர் முற்பட்டனர். 1843-ஆம் ஆண்டில் இளம் பொறியாளர் ராங்கின், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, அச்சு தடிப்பிலிருந்து மெலிவுக்கு மாறும் மூலையில் கீறல் தொடங்கி உள்நோக்கி வளர்கிறது என்று எடுத்துக் காட்டினார். பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய அவுகுஸ்ட் வோலர் இதற்கென்றே யந்திரங்கள் செய்து, அச்சுகளைப் பல்லாயிரம் முறை சுழற்றி வளைத்துச் சோதித்தார். 1870-ஆம் ஆண்டளவில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரே ஒரு முறை ஏற்றினால் தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையும், மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் அச்சை முறித்துவிடும். சுமை ஒரு வரம்புக்குக் கீழ் இருப்பின் எஃகு நெடுங்காலம் உழைக்கும். இவையே அவர் கண்ட உண்மைகள். மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே இவ்வறிவு நூல்களில் ஏறிவிட்டது.

நிற்க. இனி நமது தண்டுக்கு வருவோம். ஜப்பான் நாட்டின் டொயோட்டா நிறுவனத்தார் செய்யும் பிக்-அப் வண்டிக்கு ஹைலக்ஸ் என்று பெயர். 1968-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த இவ்வண்டி, மண் சாலையிலும் மலைச் சாலையிலும் உழைப்பதற்குப் பேர் போனது. 1988-ஆம் ஆண்டில் இதற்குப் புது வடிவம் வந்தது. அந்த ஆண்டு முதல் 1996 வரை செய்யப்பெற்ற நான்கு சக்கர உந்து வண்டிகள் பலவற்றில், ரிலே ராட் என்னும் நடுத் தண்டு போதிய வலிமை உடையதாக இல்லை. வண்டி நின்ற நிலையில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்புவது போன்ற, பெருவிசை வேண்டும் செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்தால் தண்டில் சோர்வுக் கீறல் உண்டாகி முடிவில் அது முறியக்கூடும்.

நின்ற வண்டியில் அவ்வளவு விசை எங்கிருந்து வருகிறது? ஓடும் வண்டியில் டயர் உருண்டு கொண்டே திரும்புவதால் எளிதாகத் திரும்பும். நிற்கும் வண்டியில் டயர் தரையோடு அழுந்தி, தேய்ந்து, வேண்டா வெறுப்பாகத் திரும்பும். முற்காலத்தில் டிரைவரின் தோளே அந்தச் சிரமத்தை உணர்ந்து, வண்டியைச் சிறிது நகர்த்தித் திருப்பும். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் விற்பனைக்கு வந்த காரில் பவர் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது. அது பரவிய பின் எண்ணெய் அழுத்தம் டிரைவருக்காக உழைக்கலாயிற்று. டிரைவரின் கை இலேசாயிற்று. தண்டின் மேல் விழும் சுமையோ குறையவில்லை. சிரமம் டிரைவருக்குத் தெரியாமற் போனதுதான் மாற்றம்.

ஜப்பானில் இத்தண்டு முறிந்தது பற்றிய முறையீடுகள் 1990-களிலேயே நிறுவனத்துக்கு வந்தன. 1990-களின் நடுவில் புதிதாகச் செய்யும் வண்டிகளுக்கு வலிமை மிக்க தண்டு பொருத்தப்பட்டது. சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் திரும்ப அழைக்கப்படவில்லை. இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். புதிய வண்டியை வாங்குவோருக்கு நல்ல தண்டு கிடைத்தது. பழைய வண்டியை வைத்திருந்தவருக்கோ தம் வண்டியின் தண்டு மாற்றத்தக்கது என்னும் செய்தி கூடக் கிடைக்கவில்லை.

2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜப்பானின் தென்பகுதியிலுள்ள குமமோட்டோ மாவட்டத்தில், இவ்வகை வண்டி ஒன்றின் தண்டு முறிந்தது. கட்டுப்பாடு இழந்த வண்டி எதிர்ப் பக்கத்தில் புகுந்து மற்றொரு வண்டியோடு மோதியது. ஐந்து பேர் காயமுற்றனர். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் டொயோட்டா நிறுவனம் ஏறத்தாழ 3,30,000 வண்டிகளை ஜப்பானில் திரும்ப அழைத்துத் தண்டை மாற்றித் தர முன்வந்தது. 2006-ஆம் ஆண்டு ஜூலையில் குமமோட்டோ காவல் துறையினர், குறையை அறிந்திருந்தும் காலத்தில் செயற்படவில்லை என்று நிறுவனத்தின் தரப் பொறுப்பிலிருந்த மூவர் மீது அரசு வழக்கறிஞருக்கு அறிக்கை அனுப்பினர். அரசு வழக்கறிஞர்கள் குற்ற வழக்குத் தொடரவில்லை. ஆயினும் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம், திரும்ப அழைக்கும் முறையைச் சீர் செய்யுமாறு நிறுவனத்துக்கு அறிவுறுத்திற்று.

ஜப்பானில் விற்ற வண்டியும் அமெரிக்காவில் விற்ற வண்டியும் பெயரில் வேறுபடலாம். அடியில் குறுக்கே ஓடும் தண்டு ஒரே வகையினது. அப்படியானால் அமெரிக்க வண்டிகளின் கதி என்ன? இதைக் கேட்க அங்கே ஒரு சட்டம் இருந்தது. அச்சட்டம் எழுந்த வகையையும் சுருக்கமாகக் காண்போம்.

விபத்து நேர்ந்தால் ஓட்டியவர் மீதே பழி சுமத்துவது உலக வழக்கம். வண்டியின் அமைப்பிலேயே குற்றம் இருக்கலாம் என்பதை 1965-ஆம் ஆண்டில் ரால்ப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர் ஒரு நூலின் வாயிலாக அமெரிக்க மக்களுக்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டு, 1966 செப்டம்பர் 9-ஆம் நாள், மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்டார். குறையைக் கண்டால் வண்டி வாங்கியவருக்கு நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. 1974-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், நிறுவனம் அக்குறையைத் தன் செலவிலேயே நீக்க வேண்டும் என்றும், அரசாங்கமே அவ்வாறு ஆணையிடலாம் என்றும் ஆயிற்று.

பிறகு வேறொரு பாடம் வந்தது. 2000-ஆம் ஆண்டில், போர்டு நிறுவனத்தின் வண்டிகளில் பயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் மாண்ட செய்தி அமெரிக்காவை உலுக்கிற்று. அவ்வண்டிகளின் டயர்கள் வேறு நாடுகளில் முன்னரே மாற்றித் தரப்பட்டு வந்தன என்பது விசாரணையில் தெரிந்தது. ஆகவே அதே ஆண்டில் ஒரு புதிய சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்க வண்டியைப் போன்ற வண்டி ஒன்றை வெளிநாட்டில் திரும்ப அழைத்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் அமெரிக்க அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. கடலுக்கு அப்பால் நேர்வது தனக்கு ஆகாது என்று எந்த நாடும் இருந்துவிட முடியாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது எனலாம்.

2004-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹைலக்ஸ் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டபோது, டொயோட்டா நிறுவனம் இச்செய்தியை அமெரிக்க அரசாங்கத்துக்கு அறிவித்தது. அமெரிக்காவிலிருந்து இதைப் போன்ற தகவல் வரவில்லை என்றும், குறை ஜப்பானிய வண்டிகளோடு நின்றது என்றும் அது கூறிற்று. மறு ஆண்டு, 2005-இல், அமெரிக்க வண்டிகளிலும் இக்குறை உண்டு என்று நிறுவனமே தெரிவித்து, ஏறத்தாழ 9,78,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவை பெரும்பாலும் 1989 முதல் 1995 வரையிலான வண்டிகள். அதாவது பத்து முதல் பதினாறு ஆண்டு வயதானவை.

இதற்கிடையே, இத்தண்டு முறிந்ததால் நேர்ந்தவை என்று கூறப்பட்ட விபத்துகள் குறித்து அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் எழுந்தன. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில், நிறுவனம் முன்னர்த் தராத சில தகவல்கள் அரசாங்கத்தின் பார்வைக்கு வந்தன. திரும்ப அழைத்தல் உரிய காலத்தில் நடந்ததா என்ற விசாரணை தொடங்கிற்று. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில், இத்தண்டு விவகாரத்துக்காக மட்டும் 1 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் செலுத்த நிறுவனம் இசைந்தது. சட்டத்தை மீறியதாக அது ஒப்புக்கொள்ளவில்லை. அக்காலத்துச் சட்டம் அனுமதித்த உச்ச வரம்பை ஒட்டிய தொகை அது.

அபராதம் எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். வலிமையற்ற தண்டைச் செய்ததற்கு அன்று. எந்தத் தொழிற்சாலையிலும் பிழை நேரும். சட்டம் அதை எதிர்பார்த்தே இருக்கிறது. தெரிந்ததை உரிய நாளில் சொன்னார்களா என்பதே கேள்வி. முறிந்த அச்சைப் பற்றித் தாம் அறிந்ததை உடனுக்குடன் எழுதி உலகறியச் செய்த ராங்கினையும் வோலரையும் இங்கே நினைத்துக்கொள்வோம். அவர்கள் எழுதியதால் ரயில் பயணிகள் பிழைத்தனர்.

இனி நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். இந்தியாவில் நெடுங்காலம் திரும்ப அழைத்தலுக்குச் சட்டக் கட்டாயம் இருக்கவில்லை. 2012-ஆம் ஆண்டில் மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தார் தாமாகவே ஒரு நெறிமுறையை வகுத்துக் கொண்டனர். 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110-அ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்துக்கு அளித்தது. இதற்கான விதிகள் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளில் ஒரு வரம்பு உண்டு. செய்யப்பட்ட நாளிலிருந்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அவை பொருந்தும். நாம் கண்ட ஹைலக்ஸ் கதையை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளுள் பெரும்பாலானவை பத்து ஆண்டைத் தொட்டிருந்தன. உலோகச் சோர்வு ஏழு ஆண்டுக்குள் தன் கணக்கை முடித்துக்கொள்வதில்லை. கீறல் காலத்தோடு வளர்வது. ஆகவே முதுமையில்தான் முறிவு மிகுதி. இலவசமாகப் பழுது நீக்கித் தரும் காலத்தை அமெரிக்கர் 2000-ஆம் ஆண்டில் பத்து ஆண்டாகவும், 2015-ஆம் ஆண்டில் பதினைந்து ஆண்டாகவும் உயர்த்தினார்கள். நம் நாட்டிலும் இவ்வரம்பு மறு ஆய்வுக்கு உரியது என்பது நமது கருத்து.

ஏனெனில் பழைய வண்டி யார் கையில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். புது வண்டியை வாங்குபவர் பணம் படைத்தவர், அல்லது பெரிய கம்பெனிக்காரர். சில ஆண்டுகளில் அது இரண்டாம் கைக்குப் போகிறது. பின்னர் மூன்றாம் கைக்குப் போகிறது. இறுதியில் காய்கறி வியாபாரி, தண்ணீர் கேன் போடுபவர், வெளியூரில் சிறு தொழில் தொடங்கிய நம்மவர் ஆகியோரிடம் வந்து சேருகிறது. ஊரில் நிலத்தை அடகு வைத்து, இங்கே பழைய பிக்-அப் ஒன்றை வாங்கி, மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுத்து முன்னேறிய குடும்பங்களை நாம் அறிவோம். வண்டியே அவர்களின் முதல். அந்த முதலின் அடியில் எந்தத் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி அவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும். நடைமுறையில் அவர்களுக்கே அது கடைசியில் போகிறது.

செய்தி வந்து சேராமைக்கு நாமும் ஓரளவு காரணமாகிறோம். திரும்ப அழைக்கும் கடிதம், பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயருக்கும் முகவரிக்குமே போகும். பழைய வண்டியை வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டினால், கடிதம் யாரோ ஒரு முன்னாள் உரிமையாளரின் வீட்டில் கிடக்கும். மாநிலம் விட்டு மாநிலம் வந்த நமக்கு இது மேலும் பொருந்தும். வசிப்பிடம் மாறினால் 30 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதும், வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை ஒரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்பதும் சட்டம். இவற்றை வரித் தொல்லை என்று மட்டும் கருதித் தள்ளிப் போடுகிறோம். ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் கடிதம் வந்து சேரும் வழியும் அதுவே என்பதை மறத்தல் ஆகாது. கடிதம் வரவில்லையாயினும், வண்டியின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் காட்டி, திரும்ப அழைத்தல் ஏதேனும் நிலுவையில் உண்டா என்று கேட்கலாம்.

பட்டறையிலும் சில பழக்கங்களை நாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெற வேண்டும். எப்.சி. நாள் நெருங்கும்போது வண்டிக்குப் பெயின்ட் அடிப்பதிலும் விளக்கு மாற்றுவதிலும் காட்டும் அக்கறையை, அடியில் படுத்து டை ராட் முனைகளையும் நடுத் தண்டையும் பார்ப்பதிலும் காட்டுவோமாக. ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் கூடியிருந்தாலும், திரும்பும்போது டொக்கென்ற ஓசை எழுந்தாலும், நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், மூட்டுகள் தேய்ந்திருக்கலாம் என்பது அதன் பொருள். கீறலோ பல நேரங்களில் எந்த ஓசையும் எழுப்புவதில்லை. ஆகவே சேறும் கிரீசும் படிந்த தண்டைத் துடைத்து நோக்குதல் வேண்டும்.

வளைந்த தண்டை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதும், முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் சாலையோரங்களில் சாதாரணமாக நடக்கின்றன. தொழிற்சாலையில் அளவாகச் சூடேற்றியும் குளிர்வித்தும் ஊட்டப்பெற்ற வலிமை, பட்டறை நெருப்பில் கெட்டுவிடும். ஒட்டிய இடமே அடுத்த கீறலின் பிறப்பிடமாகும். ராங்கின் சொன்ன மூலையை நம் கையாலேயே புதிதாக உண்டாக்குகிறோம். ஸ்டியரிங் தண்டு கெட்டால் புதிதாக மாற்றுவதே முறை. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை முழு வீச்சில் முறுக்காமல், வண்டி சிறிது நகரும்போது திருப்பினால் தண்டின் சுமை பெரிதும் குறையும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அன்பர்களே, 1818-இல் உரிமைப் பதிவு பெற்ற அமைப்பும், 1870-இல் வெளியான சோதனைகளும் இருக்க, 2004-இல் ஒரு தண்டு முறிந்து ஐவர் காயமுற்றனர். அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. அறிந்தவரிடமிருந்து அது புறப்படவும், அறிய வேண்டியவரிடம் வந்து சேரவும் தாமதமாயிற்று. ஊரிலிருந்து வரவேண்டிய செய்தி காலங்கடந்து வந்தால் என்ன ஆகும் என்பதை வெளியூர்வாசிகளாகிய நாம் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

அடுத்த முறை பழைய பிக்-அப் வண்டியில் சாமான் ஏற்றும்போது டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசுவோம். அவர் தமிழரானாலும், இந்தி பேசுபவரானாலும், வங்காளியானாலும், டை ராட் என்றால் விளங்கும். "அடியிலே எல்லாம் பார்த்தாயிற்றா, அண்ணே?" என்று கேட்பதில் பிழையில்லை. பார்த்தாயிற்று என்று அவர் சொன்னால் நிம்மதியாக ஏறி உட்காருவோம். பார்க்கவில்லை என்றால், அன்றைய வாடகையோடு அந்த நினைவூட்டலையும் அவரிடம் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.